வந்தேறி மீனைக் காப்பாற்றுவது

எங்கள் ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறது, மலை இல்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற ரயில் பாதையில், ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கமும் இன்னொரு பக்கம் பெருமாள் ஏரியும் இருக்க, தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிற கைத்தறி ஊர் குறிஞ்சிப்பாடி. பள்ளியில் ஐந்திணை நடத்தும்போது குறிஞ்சி என்றால் மலை என்று தமிழாசிரியர் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். ஏரிக்கரையைத் தவிர வேறு மேட்டைப் பார்க்காதவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரன் மலை ஓடையில் வாழும் ஒரு மீனைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் அந்த மீனும் அந்த மலையைச் சேர்ந்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

மீனின் பெயர் ட்ரவுட். தமிழில் இதற்குப் பெயர் இல்லை. நம் நாட்டில் இருந்திராத மீனுக்குப் பெயர் எப்படி இருக்கும்?

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் தூண்டில் பைத்தியம். எங்கள் ஊரில் மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, மண்புழு என்று போகிற பைத்தியம் இல்லை, இது வேறு ரகம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து, அதைத் தண்ணீரின் மேல் உண்மையான ஈ விழுவதுபோல விழச்செய்யும் கலை. இழையின் எடைதான் அந்த ஈயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மணிக்கட்டுப் பழக வருஷங்கள் ஆகுமாம். ஒவ்வொரு கோடையிலும் அவன் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்குப் போய்விடுவான். மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க நிற்பான். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். ஒருமுறை அந்த வீடியோவை அனுப்பியிருந்தான். கையை முதலில் நனைத்துக்கொள்கிறான், உலர்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழுவழுப்புப் போய் நோய் தொற்றும் என்பதால். முள்ளில் கொக்கிப்பல் கிடையாது, ஒரு திருப்பில் கழன்றுவிடுகிறது. பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள். நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை காத்திருக்கிறான். வாலை ஒரு அடி அடித்து மீன் மறைகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் காட்டினேன்.

“புடிச்சுட்டு ஏன்டா வுடறான்?”

“அதான்மா கன்சர்வேஷன். மீன் இனம் அழியக்கூடாதுன்னு.”

அம்மா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப புடிக்காம இருந்துட்டா இன்னும் நல்லா காப்பாத்தலாமே. திங்கறதுக்கில்லன்னா அது வாய எதுக்குக் கிழிக்கணும்?” என்றார்.

இதை நண்பனிடம் சொன்னபோது சிரித்தான். “உங்க அம்மா கேக்கறது கரெக்ட்டு. ஆனா நாங்க இல்லன்னா அந்த ஆறே இருந்திருக்காதுடா” என்றான். அவன் சொன்னதும் உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டும் உண்மையாக இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் சில மாதங்களாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்கலாம். நீலகிரியின் மேட்டுநிலத்தில், சோலைக் காடுகளுக்குள் ஊற்றெடுத்துப் புல்வெளிகளுக்கு நடுவே இறங்கும் ஓடைகளில் பெரிய மீன்கள் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை. கீழே சமவெளியில் இருக்கும் மீன்கள் அருவிகளைத் தாண்டி மேலே ஏற முடியாது. ஆங்கிலேயர் கண்ணுக்கு இது ஒரு குறையாகப் பட்டது. உதகமண்டலத்தில் சர்ச் இருக்கிறது, குதிரைப் பந்தயம் இருக்கிறது, வேட்டை நாய்கள் இருக்கின்றன, இங்கிலாந்துக் குளிரும் இருக்கிறது, ஓடையில் ட்ரவுட் மட்டும் இல்லை. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் புத்தகம் அவர்களுக்கு ஏறக்குறைய வேதம். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்ன ஞாயிற்றுக்கிழமை!

1860களிலேயே முயற்சிகள் ஆரம்பித்துவிட்டன. இந்தியாவின் மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே அதில் முன்னால் நின்றவர். குளிரில் வைக்க வேண்டிய முட்டைகளைக் கப்பலில் செங்கடல் வெயிலைத் தாண்டிக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. தோல்விமேல் தோல்வி. கடைசியில் 1907இல் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, அடுத்த சில ஆண்டுகளில் வானவில் ட்ரவுட்டை அந்த ஓடைகளில் நிலைநிறுத்தினார். வட அமெரிக்காவின் மேற்குக் கரையையும் ரஷ்யாவின் கம்சாட்காவையும் பிறப்பிடமாகக் கொண்ட மீன் அது. இதே காலத்தை ஒட்டித்தான் காஷ்மீருக்குப் பழுப்பு ட்ரவுட் வந்தது, மூணாறின் தேயிலைத் துரைமார் தங்கள் ஓடைகளில் ட்ரவுட் விட்டார்கள். இலங்கையின் நுவரெலியாவில் 1880களிலேயே விட்டிருந்தார்கள்.

அந்தப் புல்வெளிகளில் பல தலைமுறையாக எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். மரபாக மீனோ இறைச்சியோ உண்ணாதவர்கள். அவர்களுடைய ஓடையில் என்ன நீந்த வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டுத் தீர்மானித்ததாக எந்தக் கதையும் நான் படித்ததில்லை.

வந்தது மீன் மட்டும் இல்லை. தைலமரம் வந்தது, சீகை வந்தது, பைன் வந்தது, தேயிலை வந்தது. நாம் ஊட்டிக் காய்கறி என்று பெருமையோடு வாங்கும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வந்தன. சங்கக் கவிஞர் ஒருவர் இன்றைக்கு ஊட்டி பேருந்து நிலையத்தில் இறங்கினால் கருப்பொருள் பட்டியல் போட முடியாமல் திணறிப்போவார். சீகை மரத்தை மட்டும் இப்போது எல்லோரும் எதிரி என்கிறோம், அது புல்வெளியைத் தின்றுவிட்டது என்பதால். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, 2022இல் தமிழ்நாடு அரசு அதற்கென்று கொள்கையே வெளியிட்டது. ட்ரவுட்டைப் பற்றி அந்தச் சூடு இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிற குரல்தான் அவ்வப்போது கேட்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? மீன் அழகாக இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அதை நேசிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள். என் சந்தேகம் இவ்வளவுதான்.

*

நண்பனின் பக்கத்து நியாயம் சாதாரணமானதில்லை. ட்ரவுட் மிகவும் நாசூக்கான மீன். இருபது டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடானால் திணறும். ஆக்ஸிஜன் நிறைந்த ஓட்டம் வேண்டும். முட்டையிட வண்டல் படியாத சுத்தமான கூழாங்கல் படுகை வேண்டும். அதனால் ட்ரவுட்டைக் காப்பாற்ற நினைப்பவன் ஓடைக்கு நிழல் தரும் மரத்தைக் காப்பாற்ற வேண்டும், மேலே மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும், அணை கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மீனுக்காகக் கிளம்பினால் ஒரு பள்ளத்தாக்கையே காப்பாற்ற வேண்டி வரும்.

தீர்த்தனில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். அந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வரிசையாக வரவிருந்தன. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாபும் பள்ளத்தாக்கு மக்களும் சேர்ந்து போராடினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் முன்வைத்த காரணங்களில் ட்ரவுட்டும் ஒன்று. கடைசியில் தீர்த்தன் மின்திட்டங்கள் இல்லாத ஆறாக விடப்பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பி, படுகையைக் கல்லாகக் காயவிட்டிருப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஆங்கிலேயன் பொழுதுபோக்குக்காக விட்ட ஓர் அந்நிய மீன், நூறு ஆண்டுக்குப் பிறகு ஒரு இமயமலை ஆற்றுக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது. தப்பான காரணத்துக்காக வந்த ஒன்று சரியான காரியத்தைச் செய்துவிட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

காவிரியில் இதைவிடச் சிக்கலான ஒன்று நடந்தது. முதுகில் திமில் மாதிரி எழுந்து நிற்கும், ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய மஹசீர் மீன் காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரியது. கர்நாடகத்தின் கலிபோர் போன்ற தூண்டில் முகாம்களில் வெளிநாட்டவர் அதைப் பிடித்து, எடை போட்டு, விட்டார்கள். யார், என்றைக்கு, எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு பெரிய மீன் என்று நோட்டில் எழுதிவைத்தார்கள். எந்த ஆய்வாளரும் செய்யாத கணக்கெடுப்பு அது. 1998 முதல் 2012 வரையான அந்தப் பதிவுகளை அட்ரியன் பிண்டரும் சக ஆய்வாளர்களும் 2015இல் அலசியபோது ஒரு விஷயம் வெளிவந்தது. மொத்தத்தில் மஹசீர் கூடியிருந்தது. எல்லோரும் கொண்டாட வேண்டிய எண். ஆனால் கூடியது நீலத் துடுப்பு மஹசீர், வேறு ஆற்றைச் சேர்ந்தது, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆறு ஆறாகக் கொண்டுபோய் விட்ட இனம். காவிரியின் சொந்தத் திமில் மஹசீர் அதே வருஷங்களில் ஏறக்குறையக் காணாமல் போயிருந்தது. 2018இல்தான் அந்த மீனின் அறிவியல் பெயரே உறுதியானது. உறுதியானபோதே அது மிக அருகிய இனம்.

டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உள்ளே சர்வர் செத்துக்கொண்டிருக்கும். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அளந்தது ஒன்று, அக்கறைப்பட்டது வேறொன்று. ‘மஹசீரைக் காப்போம்’ என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எந்த மஹசீர் என்று மட்டும் கேட்கவில்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகங்கள் இல்லாமல் இருந்தால் திமில் மஹசீர் போனதே தெரிந்திருக்காது என்பதும் நிஜம். அதை எழுதியவர்கள் யார்? மீனின் வாயில் முள் குத்தி மகிழ்ந்தவர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று முகாம்களை மூடிய பிறகு வெடிவைத்துப் பிடிப்பது கூடிவிட்டது என்று தூண்டில்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஆற்றங்கரையில் இரவில் யாராவது இருப்பதற்கும் யாருமே இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதுதானே.

*

இனி அம்மாவின் கேள்வி. இது எனக்குக் கடினமான பகுதி.

2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். எடுத்துக்கொண்டது வேறு எந்த மீனும் இல்லை, வானவில் ட்ரவுட்டேதான். அதன் தலையில் அவர்கள் சோதித்த 58 உணர்வேற்பிகளில் 22, சேதம் உண்டாக்கக்கூடிய தூண்டலுக்கு எதிர்வினை காட்டும் வகை. உதட்டில் தேனீ விஷத்தையோ அசெட்டிக் அமிலத்தையோ ஊசியால் செலுத்தியபோது மீன்கள் உடம்பைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டின. அமிலம் ஏறியவை உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்தன. மற்ற மீன்களைவிட வெகுநேரம் இரை எடுக்காமல் இருந்தன. இதை வலி என்று சொல்ல முடியாது, மீனுக்குப் பெருமூளைப் புறணி கிடையாது, வெறும் அனிச்சை எதிர்வினை என்று ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் வாதிட்டார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஜெர்மனியில், நியாயமான காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள உயிருக்கு வேதனை தரக்கூடாது என்கிற சட்டத்தின்படி, விடுவதற்காகவே பிடிப்பது குற்றமாகக் கருதப்படுகிறது. அங்கே, சாப்பிடப் பிடித்தால் சரி, விளையாடப் பிடித்தால் தப்பு. அம்மா ஜெர்மன் சட்டம் படித்ததில்லை.

எங்கள் வீட்டிலிருந்து வடலூர் சைக்கிள் மிதிக்கிற தூரம். 1867இல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லப்படும் அதிசயம். தைப்பூசத்தன்று தமிழ்நாடு முழுக்கக் கறிக்கடை மூடுவார்கள், எங்கள் வீட்டில் மீன் வாடையே இருக்காது. மறுநாள் குழம்பு கொதிக்கும். இதில் யாருக்கும் முரண் தெரிந்ததில்லை.

வள்ளலாரை வைத்து அம்மாவை ஆதரிக்க முடியாது. உயிர்க்கொலை எந்த வடிவத்திலும் அவருக்குச் சம்மதமில்லை. புலால் உண்பவரைப் புற இனத்தார் என்று தனியே வைத்தவர் அவர். ஆனால் அவர்களுக்கும் பசித்தால் சோறு போட வேண்டும் என்றார். அவருடைய சீவகாருண்யம் முழுக்கப் பசியைச் சுற்றியே சுழல்கிறது. ஓர் உயிரின் வயிற்றில் எரியும் நெருப்பை அவர் பார்த்த விதத்தில் யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கண்ணோடு நண்பனின் வீடியோவைப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. அந்த மீன் ஈயைக் கவ்வியது பசியால். அதன் பசியைத்தான் அவன் தூண்டிலாக மாட்டியிருக்கிறான். அவனுக்கோ பசியே இல்லை. ஏரிக்கரையில் மண்புழுவோடு உட்கார்ந்திருக்கிறவருக்கும் மீனுக்கும் நடுவே இருப்பது இரண்டு பசிகள். நண்பனின் இழையின் ஒரு முனையில் மட்டும்தான் பசி இருக்கிறது.

இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், வந்தது. “வருஷத்துக்குப் பத்து மீனக் கொன்னு திங்கறவன் நல்லவன், இருநூறு மீன உயிரோட விடற நான் கெட்டவனா?” என்றான். நியாயமான கேள்வி. கணக்கில் அவன்தான் ஜெயிப்பான். விட்ட மீன்களில் சில பிறகு செத்துப்போகும், அதுவும் முள் தொண்டையில் இறங்கினாலோ வெயில் காலத்தில் தண்ணீர் சூடாக இருந்தாலோ நிறையச் சாகும். இருந்தாலும் பெரும்பாலானவை பிழைக்கின்றன. ஆற்றில் மீன் குறையவில்லை. இன்னொருவன் இருநூறில் பத்தைத் தின்றிருந்தால் ஆற்றில் பத்து குறைந்திருக்கும்.

இங்கேதான் இரண்டு அறங்கள் பிரிகின்றன. இயற்கைப் பாதுகாப்பு இனத்தை எண்ணுகிறது. காருண்யம் எண்ணுவதே இல்லை, அதற்கு எப்போதும் ஒரே ஒரு மீன்தான், இப்போது முள்ளில் துடிக்கிற இந்த மீன். வேட்டைக்காரராகவும் தூண்டில்காரராகவும் இருந்துகொண்டே நில அறத்தைப் பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டுக்கு முதலாவது போதுமாக இருந்தது. வள்ளலாருக்கு இரண்டாவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நாம் இரண்டையும் ஒரே வார்த்தையில், ‘மீன்களைக் காப்பாற்றுவோம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கிற இடம் வரும்வரை அது செல்லும்.

அப்படி ஓர் இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை. அங்கேயும் உயரமான ஏரிகளில் மீன் இருந்ததில்லை. தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் விட்டார்கள், பிற்காலத்தில் விமானத்திலிருந்துகூடக் கொட்டினார்கள். அந்த ஏரிகளில் மலை மஞ்சள்கால் தவளை என்ற சின்ன உயிர் கூட்டம் கூட்டமாக இருந்தது. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை காலமும் தண்ணீரிலேயே இருக்க வேண்டும், ட்ரவுட்டின் வாய்க்கு எதிரே. ஏரி ஏரியாகத் தவளை இல்லாமல் போனது. ரோலண்ட் நாப், வான்ஸ் வ்ரெடன்பர்க் முதலிய ஆய்வாளர்கள் சில ஏரிகளில் வலை போட்டு ட்ரவுட்டை முழுக்க அகற்றிப் பார்த்தார்கள். ஓரிரு வருஷங்களில் தவளைகள் திரும்பின. பின்னால் பூஞ்சை நோய் வந்து தாக்கியது வேறு கதை.

அகற்றினார்கள் என்றால் கொன்றார்கள் என்று அர்த்தம். செவுள் வலையில் மாட்டிய மீன் மெதுவாகத்தான் சாகும். தவளைக்காக மீனைக் கொல்வது. வள்ளலார் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் அந்த வலையைத் தொடமாட்டார் என்பது மட்டும் நிச்சயம். ஆனால் தொடாமல் இருந்தால் தலைப்பிரட்டைகள் தின்னப்படும். அவற்றுக்கும் ஓர் உயிர், ஒவ்வொன்றாக. கை கழுவிக்கொண்டு நிற்க அங்கே கரையே இல்லை.

*

இந்த இடத்தில் ‘வந்தேறி’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தலைப்பில் அதைத் தெரிந்தேதான் போட்டேன். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை மனிதர்கள்மேல் எறிகிறோம், எறியும்போது நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. அதே சுகத்தோடுதான் சிலர் சீகை மரத்தையும் ட்ரவுட்டையும் பேசுகிறார்கள். மண்ணின் மைந்தன் மரம், அந்நிய மரம் என்று. 2011இல் மார்க் டேவிஸ் தலைமையில் பத்தொன்பது சூழலியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில், ஓர் உயிரினத்தை அது எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள் என்று எழுதினார்கள். அதற்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. செய்வது தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது என்றார்கள். இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறது. எனக்கு டேவிஸ் பக்கம் சாய்வு. ட்ரவுட்டின் குற்றம் அது கலிபோர்னியாவிலிருந்தோ கம்சாட்காவிலிருந்தோ வந்தது இல்லை. ஓடையின் ஏதோ ஒரு மடிப்பில், உலகத்தில் வேறெங்குமே இல்லாத ஒன்றை அது தின்றுகொண்டிருந்தால் அதுதான் பிரச்சினை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளில் பெரும்பகுதி வேறெங்கும் கிடையாது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு இறால் இருக்கிறது. அங்கேயும் ட்ரவுட் விட்டிருக்கிறார்கள். அந்த இறாலுக்காக யாரும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை.

பெருமாள் ஏரிக்கு வருகிறேன். எங்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மீன் ஜிலேபி கெண்டை. ஆப்பிரிக்காவின் திலாப்பியா, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் வானவில் ட்ரவுட்டும் இருக்கிறது, பழுப்பு ட்ரவுட்டும் இருக்கிறது, எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியும் இருக்கிறது. விராலும் குறவையும் முன்பு மாதிரி கிடைப்பதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஜிலேபி மட்டும்தான் காரணமா, வயலில் அடிக்கும் மருந்து காரணமா, ஏரி தூர்ந்தது காரணமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கூலி வேலை முடிந்து வருகிறவர் கையில் இருக்கிற பணத்துக்கு வாங்க முடிகிற மீன் அது. அதை ஏரியிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று யாராவது பெங்களூரிலிருந்து வந்து சொன்னால், நான்தான் முதலில் சண்டைக்குப் போவேன்.

அந்த ஏரியில் தண்ணீர் எப்படி வருகிறது தெரியுமா? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த தண்ணீர் பரவனாற்று வழியாகப் பெருமாள் ஏரிக்கு வருகிறது, கூடவே சுரங்க மண்ணும் வந்து ஏரியைத் தூர்க்கிறது. அதே சுரங்கம் ஊர் ஊராக நிலம் எடுத்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. வாடும் பயிருக்காக வருந்தியவரின் சாலை அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் சுரங்கத் தண்ணீர் நின்றால் ஏரிப் பாசனக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பதில் வராது. கலப்படமில்லாத ஏரி எதுவும் எங்களிடம் இல்லை. தீர்த்தன் ஆற்றைப் பற்றி நண்பன் பேசும்போது எனக்கு அதனால்தான் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பழைய புரோகிராம் ஒன்றைக் கையில் எடுப்பவன், யார் எழுதியது என்று திட்டிக்கொண்டே, முதலில் எதை அழித்தால் எது நிற்கும் என்று பார்ப்பான். நீலகிரியிலும் அதையே செய்யலாம். பொரிப்பகத்துக் குஞ்சுகளை இனி எந்த ஓடையிலும் விட வேண்டாம். வளர்க்க வேண்டுமென்றால் தொட்டியில் வளர்த்து விற்கட்டும். ட்ரவுட் இன்னும் ஏறாத ஓடைத் தலைகள் எவை, அங்கே என்ன தவளை இருக்கிறது என்று யாராவது போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கலிபோர் நோட்டுப் புத்தகம் மாதிரி வருஷக்கணக்கில் எழுத வேண்டும். தூண்டில்காரர்களே அதைச் செய்யலாம், அவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இருக்கிறது. ஒரு தவளை அழிவதற்கு ட்ரவுட்தான் காரணம் என்று தெரிந்தால் அந்த ஓடையில் வலை போட வேண்டியதுதான். அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ளாமல் போட வேண்டும். பிடித்ததை வீணாக்காமல் தின்னவும் வேண்டும். மற்ற இடங்களில் அது பாட்டுக்கு இருக்கட்டும், சோலைக்குக் காவலாக.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். தவளை கணக்கெடுப்புக்கு வருகிறேன் என்றான், மழைக்காலத்தில் லீவு கிடைத்தால். வலை போடுவதற்கு மட்டும் வரமாட்டானாம். “என் கையால முடியாதுடா” என்றான். இருநூறு முறை முள் குத்திய கை. அதைச் சுட்டிக்காட்டலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவன் போனில் அடுத்த ஏப்ரலுக்குக் குல்லு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.